கரண்ட் வைப்பதற்கு முன்னால்: மார்பகப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுத் திட்டமிடல், படிப்படியாக

கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவை முடிந்தது. தையல் பிரித்தாயிற்று. அடுத்த முறை போகும்போது டாக்டர் "இனி ரேடியேஷன்" என்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னால், "கரண்ட் வைக்கப் போறாங்களா?" என்று ஆளுக்கொரு கதை ஆரம்பிக்கும். தலைமுடி கொட்டிவிடும், பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது, தோல் கருகிவிடும். தலைமுடி கொட்டுவது கீமோவால். மார்பகத்துக்குக் கொடுக்கும் கதிர்வீச்சால் தலைமுடிக்கு ஒன்றும் ஆகாது. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்குவதில்லை, ஆகவே பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். தோல் விஷயம் மட்டும் ஓரளவு உண்மை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இந்தத் துறையில் பிசிசிஸ்ட். நோயாளிகள் அநேகமாகப் பார்க்காத ஆள். கதிர் எந்தக் கோணத்தில் வர வேண்டும், எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் நாங்கள். மெஷினில் படுப்பதற்கு முந்தைய ஒரு வாரம், பத்து நாளில் மார்க்கிங் (உடம்பில் அடையாளம் வைப்பது), ஸ்கேன், ப்ளானிங் என்று அலைக்கழிப்பது மாதிரித் தோன்றும். அந்த நாட்களில்தான் எல்லாம் முடிவாகிறது. மெஷின் பிறகு அந்த முடிவைத் தினமும் திருப்பிச் செய்கிறது. நீங்கள் சொல்ல வேண்டியது, கேட்க வேண்டியது எதுவாக இருந்தாலும் மார்க்கிங் நாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில்: இது தேவைதானா?

கட்டியைத்தான் எடுத்தாயிற்றே என்ற கேள்வி நியாயமானது. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் படாத செல்கள் மிச்ச மார்பகத்தில் இருக்கலாம் என்பதுதான் பதில். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1976-ல் தொடங்கிய பி-06 ஆய்வும், இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி நடத்திய ஆய்வும் 20 வருடக் கணக்கை 2002-ல் வெளியிட்டன. மார்பகத்தை முழுதும் எடுத்தவர்களுக்கும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை என்பது இரண்டின் முடிவும். ஆனால் பி-06-ல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெறாதவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 14.3 சதவீதம். இன்றைய மாத்திரைகளும் கீமோவும் இந்த இரண்டு எண்களையுமே நன்றாகக் குறைத்துவிட்டன. இடைவெளி மட்டும் இன்னும் இருக்கிறது.

விதிவிலக்கு உண்டு. வயது 65 அல்லது அதற்கு மேல், கட்டி 3 சென்டிமீட்டருக்குள், அக்குள் நிணநீர் முடிச்சில் நோய் இல்லை, ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (அதாவது ஹார்மோனால் வளரும் வகைக் கட்டி), ஹார்மோன் மாத்திரையை ஒழுங்காக 5 வருடம் சாப்பிடுவார். இப்படிப்பட்டவர்களை வைத்து நடந்த ப்ரைம்-2 ஆய்வின் 10 வருட முடிவு 2023-ல் வந்தது. கதிர்வீச்சு இல்லாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும், பெற்றவர்களில் 0.9 சதவீதம் பேருக்கும் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. ஆயுளில் மாற்றமில்லை. உங்கள் அம்மாவுக்கு 72 வயது, இருதயக் கோளாறு வேறு இருக்கிறது, ஊர் 100 கிலோமீட்டர் தள்ளி என்றால், "வேண்டாம் என்று விடலாமா?" என்று டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடும் பழக்கம் உள்ளவர் என்றால் இந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எத்தனை நாள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்

பழைய முறை 25 நாள், 50 கிரே. கிரே என்பது திசு உள்வாங்கும் கதிரின் அளவு. சனி, ஞாயிறு விடுமுறையோடு சேர்த்தால் 5 வாரம். இங்கிலாந்தில் நடந்த ஸ்டார்ட்-பி ஆய்வு 15 நாளில் 40 கிரே கொடுத்தால் அதே பலன் கிடைக்கிறது, திசுவுக்கும் பாதிப்புக் குறைவு என்று காட்டிய பிறகு 3 வாரம் என்பது வழக்கமாகிவிட்டது. அடுத்து வந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வில் 4,096 பேர் சேர்ந்தார்கள். 5 நாளில் 26 கிரே, அதாவது ஒரே வாரம். 5 வருடத்தில் நோய் திரும்பியது 3 வாரக்காரர்களில் 2.1 சதவீதம், 26 கிரே ஒரு வாரக்காரர்களில் 1.4 சதவீதம் என்று 2020-ல் வெளிவந்தது.

நாள் குறைந்தால் மருந்து குறைந்துவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். ஒரு நாளைக்குக் கொடுக்கும் அளவு கூடுகிறது, அவ்வளவே. ஒரு வார முறை எல்லோருக்கும் ஒத்துவராது. கழுத்தெலும்புப் பக்கம் நிணநீர்ப் பகுதிக்கும் கதிர் வேண்டும் என்றாலோ, மார்பகத்தை உடனே மறுசீரமைத்திருந்தாலோ டாக்டர்கள் தயங்குவார்கள். ஆனாலும் எனக்கு 25 நாள் என்று சொல்லப்பட்டால், "15 நாளில் முடியாதா?" என்று காரணம் கேட்பேன். வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்கி, கூட ஒருவர் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு இரண்டு வாரம் என்பது சின்ன விஷயமா என்ன?

'பூஸ்ட்' என்ற சொல்லும் காதில் விழும். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் கதிர். சில இடங்களில் கடைசியில் 4 முதல் 8 நாள் தனியாகக் கொடுப்பார்கள், சில இடங்களில் அதே 15 நாளுக்குள் சேர்த்துவிடுவார்கள். 50 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கிரேடு 3, அதாவது வேகமாக வளரும் வகைக் கட்டி உள்ளவர்களுக்கும் இதனால் பலன் அதிகம். நோய் அதே இடத்தில் திரும்புவதை அது குறைக்கிறது. பதிலுக்கு அந்த இடம் கொஞ்சம் கெட்டியாகலாம்.

ஃபைல்

அறுவைக்கு முந்தைய மேமோகிராம், பயாப்சி ரிப்போர்ட், அறுவைக்குப் பிந்தைய பேத்தாலஜி ரிப்போர்ட், சர்ஜன் எழுதிய ஆபரேஷன் நோட், கீமோ விவரம். இவற்றில் மேமோகிராமையும் ஆபரேஷன் நோட்டையும்தான் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். எங்களுக்கு மிகவும் தேவைப்படுவதும் அவைதான். மேல் தழும்பு ஓரிடத்திலும், உள்ளே கட்டி இருந்த இடம் இரண்டு விரற்கடை தள்ளியும் இருப்பது சாதாரணம். தழும்பு வெளியே தெரியக் கூடாது என்று சர்ஜன் காம்புக்கு ஓரமாகக் கீறி, உள்ளே போய் எடுத்திருப்பார். அங்கே சின்ன டைட்டானியம் கிளிப்புகள் வைத்திருந்தால் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். அறுவை இன்னும் நடக்கவில்லை என்றால் சர்ஜனிடம் ஒரே ஒரு வரி கேட்டுவையுங்கள்: "ரேடியேஷனுக்காகக் கிளிப் வைப்பீர்களா, டாக்டர்?"

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருபவர்கள் கார்டையும் ரேஷன் கார்டையும் முதல் நாளே காப்பீட்டுப் பிரிவில் கொடுத்துவிடுங்கள். முன் அனுமதி வர நாளாகலாம். ப்ளான் தயாராகி, அனுமதிக்காகக் காத்திருப்பது வீண் தாமதம். சிகிச்சை தரும் மையத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை: முன்பு நெஞ்சுப் பகுதியில் எப்போதாவது கதிர்வீச்சு பெற்றது, பேஸ்மேக்கர், லூபஸ் அல்லது ஸ்க்ளீரோடெர்மா போன்ற நோய்கள், கர்ப்பமாக இருக்க வாய்ப்பு. கடைசியைச் சொல்லக் கூச்சப்பட்டு, மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். கர்ப்பத்தில் இந்தச் சிகிச்சை கூடாது. சிகிச்சை நடக்கும்போதும் கர்ப்பமாகக் கூடாது.

கை தூக்க முடிகிறதா?

இந்தப் படியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மார்பகக் கதிர்வீச்சில் மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கதிர் வரும் வழியில் கை நிற்கும். அக்குளில் அறுவை நடந்திருந்தால் தோள் இறுகியிருக்கும். கை பாதிதான் தூக்க வருகிறது என்ற நிலையில் மார்க்கிங்குக்கு வந்தால், அந்தப் பாதித் தூக்கலில் ப்ளான் போட வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும்.

சர்ஜன் சரி சொன்ன பிறகு, சுவருக்கு எதிரே நின்று விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல மேலே ஏறுங்கள். தினமும் மூன்று நான்கு வேளை செய்யலாம். நேற்று எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தால் முன்னேற்றம் தெரியும். படுத்தபடி இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து 20 நிமிடம் தாக்குப்பிடிக்க முடிந்தால் நீங்கள் தயார். முடியவில்லையா? பிசியோதெரபிஸ்டைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வரலாமா என்றும் கேளுங்கள்.

காயமும் ஆறியிருக்க வேண்டும். கீமோ இல்லாதவர்களுக்குப் பொதுவாக அறுவை முடிந்து 4 முதல் 6 வாரத்தில் திட்டமிடல் தொடங்கும். கீமோ முடிந்தவர்களுக்குக் கடைசி டோஸுக்கு 3, 4 வாரம் கழித்து. "ஆடி போகட்டும், தை பிறக்கட்டும்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது நல்லதல்ல. நடுவில் தீபாவளியோ பொங்கலோ வீட்டுக் கல்யாணமோ வந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். தொடங்கும் தேதியை இரண்டு நாள் நகர்த்துவது எளிது. தொடங்கிய பிறகு நடுவில் நிறுத்துவதுதான் சிக்கல்.

மார்க்கிங் நாள்

சிமுலேஷன் என்றும் சொல்வார்கள். மெஷினில் எப்படிப் படுக்கப் போகிறீர்களோ அதே மாதிரி படுக்கவைத்து ஒரு சி.டி. ஸ்கேன் எடுப்பது. சாப்பிட்டுவிட்டு வரலாம். மார்பகத்துக்கு மட்டும் என்றால் சாயம் ஏற்றும் ஊசி பெரும்பாலும் தேவைப்படாது.

முன்பக்கம் திறக்கும் உடை வசதி. புடவை என்றால் பரவாயில்லை, நைட்டி என்றால் கழற்றிப் போட வேண்டிவரும். மஞ்சள், பவுடர், சென்ட், களிம்பு எதுவும் மார்புப் பக்கம் வேண்டாம். நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் அநேகம் பேர். உலோகம் ஸ்கேன் படத்தில் கோடு கோடாகச் சிதறி, பக்கத்துத் திசுவின் அடர்த்தியைத் தவறாகக் காட்டும். எங்கள் கணக்கு முழுவதும் அந்த அடர்த்தியை நம்பித்தான் இருக்கிறது. பலர் அந்த நாட்களுக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள். கயிற்றைக் கழுத்தோரமாக ஒதுக்கிவைக்கலாம்.

மேலாடை இல்லாமல் படுக்க வேண்டியிருக்கும். சங்கடம்தான், மறுப்பதற்கில்லை. பெண் டெக்னாலஜிஸ்ட் இருக்கட்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆள் இருந்தால் ஏற்பாடு செய்வார்கள். ஆண் ஊழியர்தான் இருக்கிறார் என்றால், ஒரு நர்ஸ் உடனிருக்கச் சொல்லிக் கேளுங்கள். அளவெடுக்காத நேரத்தில் மேலே துணியால் மூடிவிடச் சொல்லலாம்.

மேஜை தட்டையாக, கெட்டியாக இருக்கும். மெஷினிலும் அதே கெட்டி மேஜைதான் என்பதால் மெத்தை கிடையாது. அதன்மேல் 'ப்ரெஸ்ட் போர்டு' என்ற சாய்வுப் பலகை இருக்கும், கை வைக்கக் கிண்ணம் மாதிரித் தாங்கிகளும் இருக்கும். நெஞ்செலும்பு தரைக்குச் சமமாக வரும்வரை பலகையைச் சாய்ப்பார்கள். மார்பகம் மேல்நோக்கிக் கழுத்துப் பக்கம் சரியாமல் இருக்க இது உதவும். மார்பகம் பெரிதாக இருந்து பக்கவாட்டில் சரிந்தால், சில மையங்களில் குப்புறப் படுக்கவைத்தும் செய்வார்கள்.

வாய் திறக்க வேண்டிய தருணம் இதுதான். தோள்பட்டை இழுக்கிறதா, இடுப்பு வலிக்கிறதா, முழங்காலுக்குக் கீழே ஏதாவது வைத்தால் தேவலையா, கை மரத்துப்போகிறதா? "பரவாயில்லைங்க, பொறுத்துக்கிறேன்" என்பதுதான் எங்கள் ஊர்ப் பெண்களின் வழக்கமான பதில். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளாதீர்கள். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தால், நாளைக்கு உடம்பு தானாகவே வலி குறைந்த பக்கம் நகரும். நாங்கள் மில்லிமீட்டர் கணக்கில் போட்ட ப்ளான் அங்கே தவறிப்போகும். ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் சொன்னால் பலகையின் ஒரு முளையை மாற்றினால் போதும்.

படுக்கை சரியானதும் தழும்பின் மேலும் மார்பகத்தின் ஓரங்களிலும் மெல்லிய கம்பி ஒட்டுவார்கள். ஸ்கேனில் எல்லை தெரிவதற்காக. சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் உடம்பில் விழும் இடத்தில் அடையாளம் வைப்பார்கள். சில இடங்களில் ஊசியால் மூன்று சிறு புள்ளிகள் பச்சை குத்துவார்கள். மச்சம் அளவுதான், ஆனால் நிரந்தரம். சில இடங்களில் மார்க்கர் பேனாவால் கோடு. பேனாக் கோடு என்றால் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் குளித்து, துண்டால் ஒற்றி எடுங்கள். கோடு மங்கினால் வீட்டில் பேனா எடுத்து நீங்களாக வரையாதீர்கள். பாசத்தோடு கணவரோ மகளோ 'திருத்தி' வரைந்த கோடு, கோடே இல்லாததைவிட ஆபத்து.

ஸ்கேன் சில நிமிடம்தான். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருங்கள். முகத்தையும் படுத்திருக்கும் நிலையையும் போட்டோ எடுப்பார்கள். தினமும் ஆள் மாறாமல், நிலை மாறாமல் சரிபார்க்க அது வேண்டும். எங்கே வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம்.

இடது பக்கம் என்றால்: மூச்சுப் பயிற்சி

இடது மார்பகத்துக்குக் கீழே இருதயம் இருக்கிறது. 2013-ல் சாரா டார்பி குழுவினர் ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை கதிர்வீச்சு பெற்ற பெண்களை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இருதயம் வாங்கும் சராசரி அளவு ஒரு கிரே கூடினால், மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புக்கான வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது. அந்தக் காலத்து இடது பக்க நோயாளிகளின் சராசரி 6.6 கிரே. இன்று அதில் சிறு பகுதிக்குள் அடக்க முடிகிறது. 7.4 சதவீதம் என்பது ஏற்கெனவே உங்களுக்கு இருக்கும் வாய்ப்பின் மேல் கூடுவது என்பதையும் கவனியுங்கள். சர்க்கரையும் பிரஷரும் இல்லாத 45 வயதுக்காரருக்கு அடிப்படை வாய்ப்பே குறைவு. இரண்டும் உள்ளவர்கள் அவற்றைக் கட்டுக்குள் வைப்பது இருதயத்துக்குச் செய்யும் பெரிய உதவி.

ஆழமாக மூச்சை இழுத்து நிறுத்தினால் நுரையீரல் உப்பி, இருதயம் நெஞ்சுச் சுவரை விட்டு விலகிக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் மட்டும் கதிரைக் கொடுப்பதுதான் மூச்சடக்கி முறை. ஒரு தடவைக்கு சுமார் 20 விநாடி, தினமும் சில தடவை. அளவு மாறினால் கதிர் நிறுத்தப்படும், நீங்கள் மூச்சுத் திணறிப்போகத் தேவையில்லை. இந்த வசதி உங்கள் மையத்தில் இருந்தால் மார்க்கிங்குக்கு முன்பே சொல்லி, வீட்டில் பழகிக்கொண்டு வாருங்கள். வயிற்றை உப்பவைக்காமல் நெஞ்சை விரித்து மூச்சிழுக்க வேண்டும், முதுகு மேஜையை விட்டு எழக் கூடாது. பிராணாயாமம் பழகியவர்கள் முதல் நாளே அசத்திவிடுகிறார்கள். வசதி இல்லாத மையம் என்றால் கலங்க வேண்டாம். பலருக்கு இருதயம் இயல்பாகவே தள்ளி இருக்கும். கதிரின் ஓரத்தை வெட்டியும் அதைக் காப்பாற்றலாம். "என் இருதயத்துக்கு எவ்வளவு போகிறது?" என்று ப்ளான் முடிந்ததும் கேளுங்கள். அந்த எண் எங்களிடம் இருக்கிறது.

நீங்கள் வீட்டில் காத்திருக்கும்போது

"ஸ்கேன் எடுத்து நாலு நாள் ஆச்சு, இன்னும் கூப்பிடவில்லையே?" என்று போன் வரும். அந்த நாட்களில் நடப்பது இது.

டாக்டர் ஸ்கேனின் ஒவ்வொரு வெட்டுப் படத்திலும் மார்பகத்தின் எல்லையை வரைகிறார். 3 மில்லிமீட்டருக்கு ஒரு படம் என்றால் நூற்றுக்குப் பக்கம் படங்கள் வரும். கட்டி இருந்த இடம், இரண்டு நுரையீரல், இருதயம், அடுத்த மார்பகம் எல்லாம் தனித்தனியாக. மார்பக எல்லையைத் தோலுக்கு 5 மில்லிமீட்டர் உள்ளே நிறுத்துவது வழக்கம். ஆரம்பநிலையில் தோல் நமக்கு இலக்கு அல்ல. தினசரிப் படுக்கையில் வரும் சின்ன மாறுதலுக்காகச் சுற்றிலும் கொஞ்சம் ஓரம் சேர்ப்பார்கள். நீங்கள் அசையாமல் படுத்தால் அந்த ஓரமே போதும்.

பிறகு எங்கள் வேலை. மார்பகத்துக்கு நேர் மேலேயிருந்து கதிரை விட்டால் அது நுரையீரலையும் இருதயத்தையும் துளைத்துப் போகும். மேஜையில் கவிழ்த்த தேங்காய் மூடிக்குப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் மூடி முழுக்க வெளிச்சம் படும், மேஜைக்குள் எதுவும் போகாது. அப்படித்தான் நடு நெஞ்சுப் பக்கமிருந்து ஒன்றும் அக்குள் பக்கமிருந்து ஒன்றுமாக இரண்டு கதிர்கள் நெஞ்சை உரசிப் போகும்படி கோணம் வைக்கிறோம். நெஞ்சு வளைந்திருப்பதால் நுரையீரலின் மெல்லிய விளிம்பு ஒன்று உள்ளே மாட்டிக்கொள்ளும். அதை எவ்வளவு மெலிதாக்கலாம் என்பதில்தான் எங்கள் கெட்டிக்காரத்தனம். ஒரு வார முறைக்கு ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு வைத்த வரம்பைச் சொன்னால் ஒரு உருவம் கிடைக்கும். அந்தப் பக்க நுரையீரலில் 8 கிரேக்கு மேல் வாங்கும் பகுதி 15 சதவீதத்துக்குள், இருதயத்தில் 7 கிரேக்கு மேல் வாங்கும் பகுதி 5 சதவீதத்துக்குள்.

மார்பகம் காம்புப் பக்கம் மெலிந்தும் அடியில் தடித்தும் இருப்பதால் கதிர் சமமாக விழாது. மெலிந்த இடத்தில் கூடிவிடும். மெஷினின் தலைக்குள் ஈய நிறத்தில் சின்னச் சின்ன உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை நகர்த்தி, கூடுகிற இடத்தைக் கொஞ்ச நேரம் மறைத்து, அளவைச் சமன் செய்வோம். இலக்கின் 95 சதவீதப் பகுதிக்குக் குறிப்பிட்ட அளவில் 95 சதவீதமாவது போய்ச் சேர வேண்டும். எங்கேயும் 107 சதவீதத்தைத் தாண்டும் இடம் முடிந்தவரை இருக்கக் கூடாது. மார்பகத்தின் அடிமடிப்பில் அளவு கூடினால் அங்கேதான் தோல் முதலில் உரியும்.

பழைய கதைகளில் வரும் கருகிய தோலுக்கு விளக்கமும் இங்கேதான் இருக்கிறது. சி.டி. இல்லாத காலத்தில் நடுவில் ஒரே ஒரு வெட்டின் உருவத்தை வைத்து மொத்த மார்பகத்துக்கும் கணக்குப் போட்டார்கள். அப்போதைய மெஷின்களில் இருந்த கோபால்ட் கதிருக்கு ஊடுருவும் திறன் குறைவு, தோலில் விழும் பங்கு அதிகம். உங்கள் பெரியம்மா சொல்வது பொய்யில்லை, அது அந்தக் காலத்து ப்ளான்.

'ஐ.எம்.ஆர்.டி.', 'வி-மாட்' என்று, பல கோணங்களிலிருந்தோ சுற்றிச் சுற்றியோ கதிர் விடும் முறைகளின் பெரிய பெயர்களும் பெரிய பில்லும் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "சாதாரண இரண்டு கதிர் முறையில் வராதது இதில் எனக்கு என்ன கிடைக்கிறது?" நெஞ்செலும்பை ஒட்டிய முடிச்சுகளுக்கும் கதிர் வேண்டும், நெஞ்சு அமைப்பு சிக்கல் என்றால் பதில் இருக்கும். நிணநீர் முடிச்சில் நோய் இல்லாத பெரும்பாலான ஆரம்பநிலை மார்பகத்துக்குத் தகடுகளால் சமன் செய்த இரண்டு கதிரே போதும். சுற்றிச் சுற்றிக் கதிர் விடும் முறைகளில், கதிரே தேவையில்லாத அடுத்த மார்பகத்துக்கும் அந்தப் பக்க நுரையீரலுக்கும் கொஞ்சம் கொஞ்சம் போய்ச் சேரும். விலை கூடியது எல்லாம் உசத்தி இல்லை.

டாக்டர் ப்ளானைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, ப்ளானைத் தயாரித்தவர் அல்லாத இன்னொரு பிசிசிஸ்ட் அதைத் தனியாகச் சரிபார்ப்பார். சிக்கலான ப்ளான் என்றால் உங்களுக்குப் பதிலாக ஒரு அளவுக் கருவியை மேஜையில் வைத்து மெஷினை ஓட்டிப் பார்ப்போம். அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் போன்.

காத்திருக்கும் நாட்களில் மார்பகத்தில் நீர் கோத்து வீங்கினாலோ, இருந்த வீக்கம் சட்டென்று வடிந்தாலோ தகவல் கொடுங்கள். ப்ளான் போட்ட உருவம் வேறு, வந்து படுக்கும் உருவம் வேறு என்றால் மறுபடி ஒரு ஸ்கேன் எடுப்பதே நல்லது.

மெஷினில் முதல் நாள்

முதல் நாள் மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பெயரைச் சொல்லச் சொல்வார்கள், எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். "தினமும் கேட்கிறார்களே, தெரியாதா?" என்று எரிச்சல்படாதீர்கள். கேட்காமல் படுக்கவைத்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். அதே பலகை, அதே முளை, அதே கோடு. மேஜையை அரை சென்டிமீட்டர், கால் சென்டிமீட்டர் என்று நகர்த்துவார்கள். உதவி செய்கிறேன் என்று நீங்களாக நகராமல் உடம்பைத் தளர்த்திவிடுங்கள்.

எல்லோரும் வெளியே போவார்கள், கனமான கதவு மூடும். கேமராவில் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் பேசினால் கேட்கும். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்து ப்ளானோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிறகு கதிர். வலி இல்லை, சூடு இல்லை, ஒரு ரீங்காரம் மட்டும். மெஷின் நிற்கும், சுற்றும், மறுபடி ரீங்காரம். இருமல் வந்தாலோ கை மரத்தாலோ கையை ஆட்டாமல் வாயால் சொல்லுங்கள், நிறுத்துவார்கள். மறுநாளிலிருந்து 10, 15 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

நாள் தவறவிடாதீர்கள். மெஷின் பழுதானால் அது எங்கள் பொறுப்பு, விட்ட நாளைக் கடைசியில் சேர்ப்போம். ஹார்மோன் மாத்திரை, ட்ராஸ்டுசுமாப் ஊசி போன்றவற்றைத் தொடர்வதா என்று டாக்டர் சொல்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம். சித்த மருந்தோ நாட்டு மருந்தோ சாப்பிடுவதாக இருந்தால் சொல்லிவிடுங்கள்.

தோலும், அதற்குப் பிறகும்

தொடங்கிச் சில நாளில் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் நிறம் கறுக்கும், அரிக்கும், காம்பு கூசும். 5 நாள் முறையில் இருப்பவர்களுக்கு எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் இது ஆரம்பமாகும். சிகிச்சை முடிந்த முதல் ஒன்று, இரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். "முடிஞ்ச பிறகு ஏன் அதிகமாகுது, ஏதோ தப்பாயிடுச்சு" என்று பதறி வருகிறார்கள். இது அதன் இயல்பு.

பருத்தித் துணி, கம்பி இல்லாத உள்ளாடை அல்லது வீட்டில் அது இல்லாமலேயே இருப்பது, மிதமான தண்ணீர். மணமில்லாத ஈரப்பதக் களிம்பு எது என்று டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் பூசுவது, தேங்காய் எண்ணெயில் எதையாவது காய்ச்சித் தடவுவது, வெந்நீர் ஒத்தடம், ஐஸ் எதுவும் வேண்டாம். அக்குளிலும் அடிமடிப்பிலும் தோல் உரிந்து நீர் வடிந்தால் அன்றே காட்டுங்கள், வார ரிவ்யூ வரை காத்திருக்க வேண்டாம்.

அசதி வரும். தினமும் கொஞ்சம் நடப்பது அதற்கு உண்மையிலேயே உதவுகிறது. வீட்டார் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்வது அன்பு, ஆனால் உதவாது. தோள் பயிற்சியை சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடருங்கள்.

சிகிச்சை முடிந்ததும் எத்தனை கிரே, எத்தனை நாள், எந்தப் பக்கம் என்று எழுதிய சுருக்கத்தை வாங்கி ஃபைலில் வையுங்கள். முதல் மேமோகிராம் பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்குள். அதற்கு முன், முதல் ஆறு மாதத்தில் விடாத வறட்டு இருமலோ மூச்சிரைப்போ லேசான காய்ச்சலோ வந்தால், பக்கத்து கிளினிக்கில் சளி மருந்து வாங்கும்போது அந்தத் தாளையும் காட்டுங்கள். சிலருக்கு, குறைவானவர்களுக்குத்தான், கதிர் பட்ட நுரையீரல் விளிம்பில் வரும் அழற்சியாக அது இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. தாளைப் பார்க்காத டாக்டருக்கு அது தோன்றவே தோன்றாது.